ஆடி முடித்த போட்டிக்கே கூலி வரவில்லை: நேரு ஸ்டேடியத்தில் போட்டி நாள் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கேட் ஏழு:

2025 செப்டம்பரில் இதை எழுதுகிறேன், பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியத்தில் இன்னும் பந்து உருளவில்லை. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துப் போட்டியை நடத்துபவர்களுக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிகிறது, அதன் பிறகு என்னவென்று தெரியாததால் லீக்கை நிறுத்தி வைக்கிறோம் என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டார்கள். வீரர்களின் சம்பளம் என்னவாகும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். எனக்கு ஞாபகம் வருவது மஞ்சள் பிப் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத அடையாள உடுப்பு) போட்டுக்கொண்டு நின்ற கூட்டம். அதில் நானும் ஒருவன்.

2019-20 சீசன். கல்லூரி மூன்றாம் ஆண்டு. இரவு ஏழரை மணி ஆட்டத்துக்கு மதியம் ஒரு மணிக்கே ராஜா முத்தையா சாலைப் பக்கம் வரிசையில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் நீள நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார், மூட்டையிலிருந்து ஆளுக்கொரு பிப் எடுத்து வீசுவார். போன ஆட்டத்தில் போட்டவரின் வியர்வை அதில் அப்படியே காய்ந்திருக்கும். நான்கு மணிக்குத் தக்காளி சாதப் பொட்டலம். கூலி 450 ரூபாய். பிப்பைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அதில் 150 பிடித்தம்.

என் வேலை பார்வையாளர்கள் உட்காரும் ஸ்டாண்டைப் பார்த்து நிற்பது. மைதானம் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். 2020 பிப்ரவரி 29, அரையிறுதி முதல் சுற்று. நம் ஊர் அணியான ‘சென்னையின் எஃப்சி’, கோவா அணியை 4-1 என்று வென்ற இரவில் ஐந்து கோல்களில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்தே எந்தப் பக்கம் கோல் என்று தெரிந்துவிடும். ஒரு தாத்தா பேரனைத் தலைக்கு மேல் தூக்கினால் நம் கோல்.

ஆட்டம் முடிந்ததும் சூப்பர்வைசர் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பைனல் முடியட்டும் தம்பி, மொத்தமாகத் தருகிறேன்" என்றார். மார்ச் 14 அன்று கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் பைனல் நடந்தது, கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றோம். 24ஆம் தேதி மாலை இங்கே 144, நள்ளிரவு முதல் நாடே மூடல். அவருடைய போனும் அணைந்தது. ஜூனில் ஒருநாள் திடீரென்று 200 ரூபாய் வந்தது. எதற்கு என்று ஒரு வரிகூட இல்லை.

கிளப்பைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. கிளப் அலுவலகத்தில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, எனக்கும் அவர்களுக்கும் நடுவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் தெரியாது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

அயனாவரம் அக்கா:

தம்பி, நான் பெண்கள் வரிசையில் பை சோதிக்கும் வேலையில் இருந்தேன். நீங்கள் சொல்லும் அதே நோட்டுதான் என்று நினைக்கிறேன், எனக்கும் "பைனல் முடியட்டும்" என்றுதான் சொன்னார்கள்.

எங்களுக்குக் கூலியைத் தவிர இன்னொன்று உண்டு, இதை வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளே சில்லறைக் காசு கொண்டு போகக் கூடாது, வீரர்கள் மேல் எறிந்துவிடுவார்களாம். வாங்கி அட்டைப் பெட்டியில் போடுவோம். சென்ட் பாட்டில், சீப்பு, பவர் பேங்க் எல்லாம் தனியாக. ஆட்டம் முடிந்து பவர் பேங்க்கைத் தேடி வருபவர்கள் உண்டு, இரண்டு ரூபாயைத் தேடி யார் வருவார்கள்? அந்தப் பெட்டியை நாங்கள் ஏழு பேரும் தரையில் கவிழ்த்து, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று அடுக்குவோம். அரையிறுதியன்று ஆளுக்கு 83 ரூபாய். என் கணக்கில் அந்த இரவில் நான் வீட்டுக்குக் கொண்டுபோன மொத்தச் சம்பாத்தியம் அதுதான். முந்தானையில் முடிந்துகொண்டு சென்ட்ரல் வரை நடந்தேன், நடக்க நடக்க இடுப்பில் இடித்தது.

ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் அரிசியும் வந்தன. அதில்தான் ஓடியது.

புரசை வாசகன்:

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வேலை, ஒரு நாளுக்கு 450. அதற்காக ஐந்து வருடம் கழித்தும் பேச வேண்டுமா? அந்தச் சமயத்தில் முழுநேர வேலையை இழந்தவர்களே லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

அயனாவரம் அக்கா:

கோபம் இல்லை சார். ஞாயிறு கல்யாண மண்டபம், சனி ஸ்டேடியம், இடையில் கண்காட்சி அரங்கு, இப்படி நான்கு இடத்துத் துண்டு வேலை சேர்ந்தால்தான் எங்களுக்கு ஒரு மாதம். நான்கும் ஒரே வாரத்தில் நின்றன. ஒவ்வொரு முதலாளிக்கும் நான் "இரண்டு மூன்று நாள் ஆள்"தான். எனக்கு மட்டும்தான் அது முப்பது நாள்.

டாட்டன்ஹாம் பக்கம் குடியிருந்தவன்:

சொந்த ஊர் கொளத்தூர். 2020இல் லண்டனில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம், அரசு உதவித்தொகை எதுவும் வாங்க முடியாத விசா. ஒரு கால்பந்து மைதானத்தின் உணவு கவுன்டரில் போட்டி நாள் ஆளாக இருந்தேன். கிளப்பின் பெயர் வேண்டாம்.

இடைவேளை பதினைந்து நிமிடம். அதற்குள் முந்நூறு பேருக்குச் சூடான இறைச்சிப் பை (pie) பலகாரமும் தேநீரும் கொடுத்தாக வேண்டும். கை வெந்துபோகும். எனக்கும் ஒரு கோலையும் பார்க்க வாய்த்ததில்லை கேட் ஏழு, சத்தம் மட்டும் கூரை வழியாக இறங்கும்.

மார்ச் 13 அன்று பிரீமியர் லீக்கை நிறுத்தினார்கள். சில நாட்களில் மான்செஸ்டர் யுனைடெட் உட்படப் பல கிளப்கள், மீதமுள்ள உள்ளூர் ஆட்டங்கள் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தற்காலிக ஊழியர்களுக்குக் கூலி உண்டு என்று அறிவித்தன. எங்கள் கிளப்பும் அறிவித்தது. ஆனால் நான் கிளப்பின் ஆள் அல்ல, கிளப் அமர்த்திய கேட்டரிங் நிறுவனத்தின் ஆள். "ஷிப்ட் இல்லை" என்று அந்த நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அறிவிப்பு வந்த அன்றே எனக்குப் பட்டினி அறிவிப்பும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து, வெளி நிறுவனத்து ஆட்களுக்கும் சேர்த்துத் தருகிறோம் என்று ஒரு கடிதம். வந்ததா? வந்தது. நடக்காத நான்கு ஆட்டங்களுக்கான கூலி என் கணக்கில் விழுந்தபோது, திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று ஒரு வாரம் தொடவில்லை.

அங்கேயும் எல்லோரும் புண்ணியவான்கள் இல்லை. ஊழியர் சம்பளத்தில் 80 சதவீதத்தை மாதம் 2,500 பவுண்டு வரை அரசே தரும் திட்டம் வந்ததும், லிவர்பூல் போன்ற பணக்கார கிளப்பே ஏப்ரல் 4 அன்று அதில் கைவைக்கப் பார்த்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஏப்ரல் 6 அன்று மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. டாட்டன்ஹாமும் ஒரு வாரம் கழித்து அதே வழியில் திரும்பியது. அவர்களைத் திருப்பியது சட்டமல்ல, வெட்கம். ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தேநீர் கொடுப்பவள் பக்கத்துத் தெருக்காரி என்பதால் வந்த வெட்கம்.

நாற்பது ஆள் கணக்கு:

முதலில் ஒன்று: கேட் ஏழு சொல்லும் சூப்பர்வைசர் நான் அல்ல. நான் வேறு பகுதிக்கு நாற்பது ஆள் கொண்டு போனவன்.

எல்லோரும் கான்டிராக்டரைத் திட்டுவீர்கள் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். மேலே நிகழ்ச்சி நடத்தும் கம்பெனி, அதற்குக் கீழே ஆள் சப்ளை கம்பெனி, அதற்கும் கீழே நான். எனக்கு ஆளுக்கு 600 என்று பேச்சு. 450 கூலி, 60 சாப்பாடு, மிச்சம் 90. அதில் பிப் சலவை (ஆமாம், நான் துவைத்தேன்), டாடா ஏஸ் வாடகை, ராத்திரி ரயிலை விட்ட பெண்களுக்கு ஆட்டோ. பில் போட்டு 45 நாள் கழித்துத்தான் பணம் வரும். நான் ஆட்டத்தன்றே கையில் கொடுத்துவிடுவேன், அப்போதுதான் அடுத்த முறை வருவார்கள். அதற்காக வீட்டில் இரண்டு வளையல் எப்போதும் அடகில் இருக்கும்.

கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு 48,000 ரூபாய் எனக்கு வர வேண்டியது. நவம்பரில் பாதி வந்தது. மீதியைக் கேட்டால், "அந்த ஆண்டுக் கணக்கை முடித்துவிட்டோம்" என்றார்கள். ஆக, என் ஆட்களுக்குப் பாக்கி இல்லை, பாக்கி எனக்குத்தான். வளையல் ஒன்று மூழ்கிவிட்டது.

தொழிலாளர் வழக்கு பார்ப்பவன்:

இதில் சட்டம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

அன்று நடப்பில் இருந்த 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கூலியைக் கான்டிராக்டர் கொடுக்காவிட்டால், வேலையை அவரிடம் ஒப்படைத்த முதன்மை நிறுவனமே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்னது. கூலி கொடுக்கும் இடத்தில் முதன்மை நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் நின்று, கொடுக்கப்பட்டது என்று சான்றளிக்க வேண்டியிருந்தது. நீள நோட்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் அதே சட்டத்தின் வாசலிலேயே ஒரு கேட் இருந்தது. விட்டுவிட்டு நடக்கும் வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. கடந்த பன்னிரண்டு மாதத்தில் 120 நாளுக்கு மேல், அல்லது பருவகால வேலையாக இருந்தால் ஆண்டில் 60 நாளுக்கு மேல் நடந்திருந்தால்தான் அது விட்டுவிட்டு நடக்கும் வேலை ஆகாது என்று இருந்தது. 2019-20இல் சென்னையில் லீக் ஆட்டங்கள் ஒன்பது, அரையிறுதி ஒன்று. ஆகப் பத்து நாள்.

2020 மார்ச் 29 அன்று, மூடிக்கிடக்கும் காலத்துக்கும் பிடித்தமில்லாமல் கூலி கொடுங்கள் என்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது. மே 18 முதல் அது இல்லை. அதைக் காட்டி யார் மீதும் கட்டாய நடவடிக்கை வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த அக்கா யாரிடம் போய்ப் பேசுவார்?

இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. லண்டன் நண்பருக்கு ஆட்டம் நின்றது, அதனால் ஈடு கேட்க இடம் இருந்தது. நமக்கு ஆட்டம் நிற்கவே இல்லையே. அடுத்த இரண்டு சீசனும் முழுக்கக் கோவாவில் நடந்தன. டிவியில் சென்னையின் ஆட்டம் ஓடியது, பெரியமேட்டில் கேட் பூட்டியிருந்தது. நின்றுபோன போட்டிக்குக் கூலி கேட்கலாம். ஊர் மாறிய போட்டிக்கு என்ன பெயர் வைத்துக் கேட்பது?

சேப்பாக்கம் பாப்கார்ன்:

ஊர் மாறுவது என்றால் எங்களைக் கேளுங்கள். இரண்டு வருடத் தடைக்குப் பிறகு 2018இல் சூப்பர் கிங்ஸ் திரும்பி வந்தது. ஏப்ரல் 10 அன்று ஒரே ஒரு ஆட்டம். காவிரிப் போராட்டத்தால் மற்ற ஆறும் புனேவுக்குப் போயின. ஏழு ஆட்டத்துக்கு என்று கடனில் சோளம் வாங்கியிருந்தேன். மழை வெள்ளத்தில் 2015 கால்பந்து அரையிறுதி போனதும் அதே புனேவுக்குத்தான். அந்த ஊரில் ஒரு கடை போட்டிருக்கலாம்.

கேட் ஏழு:

எல்லோருக்கும் நன்றி. நாற்பது ஆள் அண்ணா, உங்களிடம் வேலை பார்த்திருக்கலாம் போல.

முதல் பதிவில் எழுதாத ஒன்று. 2022 அக்டோபரில் ஆட்டம் ஊருக்குத் திரும்பியபோது டிக்கெட் எடுத்துப் போனேன். அப்போது எனக்கு வேலை கிடைத்திருந்தது. என் கேட்டில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து ஏழு ரூபாய் சில்லறையை வாங்கிப் பெட்டியில் போட்டார்கள். உள்ளே அதே சூப்பர்வைசர், அதே நீள நோட்டு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் கறுத்துவிட்டது. "தம்பி, அந்தப் பணம் எனக்கும் வரவில்லை" என்றார். கேட்காமலேயே பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். 29.2.20 என்று மேலே. கீழே வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 450, அதன் எதிரே எங்கள் கையெழுத்து. "பெற்றுக்கொண்டேன்" என்ற பத்திக்குள். 200 ரூபாய் யாருடையது என்று கேட்டேன். "என்னுடையதுதான்" என்றார்.

அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுக்க அவரே பிடித்துக் கொடுத்தார். அயனாவரம் அக்கா, இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன், பெண்கள் வரிசையில் ஏழு பெயர் இருக்கிறது. நான்காவது கையெழுத்துக்குப் பக்கத்தில் மை சிந்தியிருக்கிறது. அது நீங்களா?