கத்திர்க்கா கல்: வானத்தில் விளைந்ததா, உலையில் உருகியதா?

அம்பத்தூர் வார்ப்படம்:
கோட்டூர்புரம் கோளரங்கத்துக்குப் போய் வந்தவர்கள் இங்கே ஒரே புகழ்ச்சி. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் கிடைத்த கத்திர்க்கா விண்கல்லில் அலுமினியம், செம்பு, இரும்பு சேர்ந்த கலவை இருக்கிறதாம். அதுதான் இயற்கையில் கண்ட முதல் குவாசிகிரிஸ்டலாம், அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுங்கியிருந்தும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராத படிகமாம். நான் அலுமினியம் உருக்கிப் பிழைக்கிறவன். மேலே படரும் ஆடையை வழித்துப் போட்ட மறுநொடி அடுத்தது படரும், அவ்வளவு வேகமாக ஆக்சிஜனைப் பிடிக்கும். கல் முழுக்க ஆக்சிஜன். அதற்குள் வெறும் உலோகமாக எப்படி நிற்கும்? எவனோ உலைக் கசடைக் கொட்டியிருக்கிறான்.

கிண்டி ஜியாலஜி:
2011-இல் ஸ்டெய்ன்ஹார்ட், பிண்டி என்ற ஆய்வாளர்களின் குழு அங்கே போய்த் தோண்டியது சார். துணுக்குகள் கிடைத்த களிமண் அடுக்கு சுமார் 7000 ஆண்டு பழையது. அப்போது அங்கே யார் அலுமினியம் உருக்கினார்கள்? கல்லிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடை மட்டும் வேறான ஆக்சிஜன் அணுக்களின்) விகிதமும் பூமியோடு ஒத்துப்போகவில்லை. 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லின் ரகம் அது. இன்னொன்று: குவாசிகிரிஸ்டல் துணுக்கு ஒன்று ஸ்டிஷோவைட் என்ற, சிலிக்காவின் அடர்ந்த வடிவத்துக்குள் மாட்டியிருக்கிறது. சிலிக்கா ஸ்டிஷோவைட் ஆக வளிமண்டல அழுத்தம்போல் லட்சம் மடங்கு வேண்டும். அம்பத்தூரில் அப்படி ஓர் உலை இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

வேளச்சேரி வாசகன்:
அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்தில் வெடிமருந்துத் துப்பாக்கியால் சுட்டே குவாசிகிரிஸ்டலை உண்டாக்கிக் காட்டிவிட்டார்களே, 2016-இல்?

அம்பத்தூர் வார்ப்படம்:
காட்டினார்கள், சரி. ஆனால் இலக்கில் அலுமினியக் கலவையை முதலிலேயே வைத்துவிட்டுத்தானே சுட்டார்கள்! அடி விழுந்தால் அணுக்கள் அப்படி அடுக்கிக்கொள்ளும் என்று தெரிந்தது, அவ்வளவுதான். செம்பு கந்தகத்தைத் தேடிப் போகும், அலுமினியம் ஆக்சிஜனைத் தேடிப் போகும். இரண்டையும் ஒரே இடத்தில் உலோகமாகச் சேர்த்தது யார்?

கிண்டி ஜியாலஜி:
நியாயமான கேள்விதான், ஆய்வாளர்களும் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சூரியன் பிறந்த வாயு மேகத்திலேயே உறைந்தது என்று ஒரு கட்சி, மோதல் சூட்டில் வந்தது என்று இன்னொரு கட்சி. ஆனால் கல் விண்கல்லா என்பது வேறு வழக்கு, உலோகம் எப்படி வந்தது என்பது வேறு வழக்கு. கலவையைத் தொட்டிருக்கும் சிலிக்கேட்டின் (ஆக்சிஜன் நிறைந்த கல் பொருளின்) ஓரத்தில் சின்னச் சின்ன இரும்புத் துளிகள் இருக்கின்றன. அலுமினியம் கல்லிலிருந்த ஆக்சிஜனைப் பிடுங்கி இரும்பைத் தனியே விட்டிருக்கிறது. பூமியில் யாரோ கொட்டிய கசடு இப்படிச் செய்யாது.

அம்பத்தூர் வார்ப்படம்:
இது தெர்மிட்! தண்டவாளம் ஒட்டுகிற அதே வேலை. அப்படியானால் அடி விழும்போதே அலுமினியம் உலோகமாக அங்கே இருந்திருக்க வேண்டும், உங்கள் இரண்டாவது கட்சி அடிபட்டுப் போகிறதே. முதல் கட்சிக்காரர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், செம்பை எப்படிக் கூட்டி வந்தார்கள் என்று கேட்க வேண்டும்.