புதுப்பிப்பு: கேட் எழுதியாச்சு, அடுத்து என்ன?

நவம்பர் கடைசியில் எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதிவிட்டு, "ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கலாமா?" என்று கேட்டிருந்தேன். கூடாது என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விடைக்குறிப்பு வந்ததும் கணக்குப் போட்டேன். சரிக்கு 3, தப்புக்கு மைனஸ் 1, விடையை நாமே டைப் செய்யும் கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது. நினைத்ததைவிடக் குறைவுதான், அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே பணம் கட்டியிருந்த இன்னொரு எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜனவரி எக்ஸ்ஏடிக்கு (XAT) மறுநாளே படிக்க உட்கார்ந்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வான டான்செட்டும் (TANCET) எழுதப் போகிறேன்.

எம்பிஏ சேர்க்கை நேர்காணலுக்கு அக்காவோடு செய்த பயிற்சிதான் கண்ணைத் திறந்தது. எனக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் ரெண்டு வருஷ வேலை. "ஒரு டீஷர்ட்டுக்கு எவ்வளவு துணி வேஸ்டாகும்?" என்றாள் அக்கா. வாயே திறக்க முடியவில்லை. மறுநாள் கட்டிங் மாஸ்டர் பக்கத்திலேயே நின்று, எல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். காத்திருப்பவர்கள் உங்கள் வேலையை முதலில் இப்படிப் படியுங்கள்.