விஷுவல் லிட்டரசி: 'படமொழியறிவு' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். விஷுவல் லிட்டரசி, அதாவது படங்களைப் பார்த்துப் பொருள்கொள்ளும் திறன், இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தண்டையார்பேட்டையில் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், விடைத்தாள் திருத்தி முடித்த பிறகுதான் எழுத நேரம் கிடைத்தது. 'கட்புல எழுத்தறிவு', 'காட்சியறிவு', 'படப்படிப்பு' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் என் வகுப்பிலிருந்தே சொல்கிறேன்.

போன வாரம் இதயம் பாடம். சார்ட் மாட்டி, நீலக் குழாய், சிவப்புக் குழாய் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுந்து, "மிஸ், எங்க அம்மா காசிமேட்டுல மீன் வெட்டுறாங்க, எத்தன மீன் வெட்டுனாலும் செவப்பு ரத்தம்தான் வருது, நீல ரத்தம் எங்க போவுது?" என்று கேட்டாள். மனித உடம்பிலும் நீல ரத்தம் கிடையாது, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் அடர் சிவப்புதான். (கணவாய் மீனுக்கு ரத்தம் நீலமாக இருக்கும், அதில் இரும்புக்குப் பதில் செம்பு, அது வேறு பாடம்.) வேறுபாடு தெரிவதற்காகப் படம் போடுகிறவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம் அந்த நீலம். அதே படத்தில் வலது ஆரிக்கிள் நமக்கு இடப்பக்கம் இருக்கும், ஏனென்றால் எதிரே நிற்கிற ஆளின் இதயம் அது. பாதிப் பிள்ளைகள் இடது வலது மாற்றித்தான் எழுதியிருந்தார்கள். அவர்கள் கண் சரியாகத்தான் பார்த்தது, அந்த வழக்கத்தை யாரும் சொல்லித்தரவில்லை. பதினோரு வருஷமாக நானும் சொல்லித்தரவில்லை.

ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் டிஎல்எம் (கற்பித்தல் துணைக்கருவி) வைத்து நடத்துங்கள் என்பார்கள். சார்ட், ஃப்ளாஷ் கார்டு, 2018 முதல் புதுப் பாடநூல்களில் வந்த க்யூஆர் கோடு வழியாக வீடியோ, எல்லாம் நல்லதுதான். ஆனால் துணைக்கருவி என்ற பேச்சு, படத்தை மாட்டிவிட்டால் அதுவே புரியவைத்துவிடும் என்ற நினைப்பில் நிற்கிறது. படத்தையே முதலில் படிக்கக் கற்றுத்தர வேண்டும் என்பதைச் சொல்ல நமக்கு ஒரு சொல் இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, சொற்களுக்கு வருகிறேன். கட்புலம் நல்ல சொல், இலங்கையில் கட்புலக் கலை என்று வழங்குகிறது, ஆனால் என் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், கண் டெஸ்டா மிஸ் என்றார்கள். படப்படிப்பு காதில் ஷூட்டிங்காக விழும். காட்சியறிவு எனக்கு ஒப்பவே இல்லை. நம் அளவை (தர்க்க) நூல்களில் காட்சி என்றால் புலன்வழி நேரே அறிவது, நாம் சொல்ல வருவதோ கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது என்பது.

எழுத்தறிவு என்ற பகுதியை விட எனக்கும் மனமில்லை. எழுதுதல் என்றால் பழந்தமிழில் தீட்டுவதும்தான், இன்றைக்கும் கண்ணுக்கு மை எழுதுகிறோம். பரிபாடல் 19இல் திருப்பரங்குன்றத்து ஓவியக்கூடத்துக்குப் பெயரே எழுத்துநிலை மண்டபம். அங்கே வந்தவர்கள் சுவரைக் காட்டி இவள் யார், இவன் யார் என்று கேட்க, இவள் ரதி, இவன் காமன் என்று மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள், இன்னொரு பக்கம் இவள் அகலிகை, கௌதமன் சினத்தால் கல்லானது இப்படி என்று விளக்கம் நடக்கிறது. நாம் பெயர் தேடுகிற காரியம் அங்கேயே நடந்திருக்கிறது! ஆனாலும் இன்று எழுத்து என்றால் அ, ஆ தான் நினைவுக்கு வரும். அதை மாற்ற நம்மால் ஆகாது.

என் பரிந்துரை: படமொழி, அதிலிருந்து படமொழியறிவு. உடல்மொழி நிலைத்துவிட்டது, அதே அச்சு. மொழி என்றால் வழக்கு உண்டு, கற்க வேண்டும் என்பது தானாக வந்துவிடுகிறது. 'பட வாசிப்பு' என்றும் யோசித்தேன், ஆனால் 1969இல் அமெரிக்காவில் ஜான் டெப்ஸ் என்பவர் விஷுவல் லிட்டரசியை வரையறுத்தபோதே, கண்டு பொருள்கொள்வதோடு அந்த வழியில் பிறருக்குச் சொல்வதையும் சேர்த்திருந்தார். வாசிப்பில் அந்த இரண்டாவது பாதி விட்டுப்போகும், மொழியில் இரண்டும் அடங்கும்.

எங்கள் ஏரியாவில் படம் காட்டுறான் என்றால் பந்தா பண்ணுகிறான் என்று அர்த்தம், படம் என்றாலே சினிமா என்று யாராவது சொல்வீர்கள். இருக்கட்டும். வரைபடம், விளக்கப்படம், நிழற்படம், நிலப்படம், திரைப்படம் எல்லாவற்றையும் தமிழ் ஏற்கெனவே ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறது, அந்த வசதியை விடக்கூடாது. சாலையோரக் குறிகள், வரைபட அம்புக்குறிகள் இதில் வருமா என்று கேட்டால், வரும் என்றே நினைக்கிறேன், மொழியியல் தெரிந்த ஐயா யாராவது சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணிடம் சார்ட்டின் ஓரத்தில் நீலம் எதைக் குறிக்கிறது என்று அவள் கையாலேயே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, "அப்ப மேப்புல கடலுக்கு நீலம் போடறதும் இப்படித்தானா மிஸ், எங்க எண்ணூர் பக்கம் கடல் அந்தக் கலர்ல இல்லையே" என்றாள். அடுத்த வகுப்பில் அதை எடுக்கப்போகிறேன், அதற்குள் சொல் முடிவானால் கரும்பலகையில் அதையே தலைப்பாகப் போட்டுவிடுவேன்.