பொது முகாமைத்துவ முதுமாணி: தோட்டப்பகுதி வேலைக்கு உதவுமா?

கொட்டகலைக் குளிர்:
மலையகத் தோட்டப்பகுதித் தொண்டு நிறுவனமொன்றில் கருத்திட்ட உத்தியோகத்தராக இருக்கும் பட்டதாரி இந்த பொது முகாமைத்துவ (Public Management) முதுமாணிக்குப் பதியலாமா என்று பலர் கேட்கிறார்கள். பதியலாம், மட்டத்தைப் பார்த்துப் பதிய வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி இரண்டு மட்டம்: 9ஆம் மட்டம் 30 கிரெடிட், 10ஆம் மட்டம் ஆய்வோடு சேர்த்து 60. கிரெடிட் ஒன்றுக்கு 50 மணித்தியாலம். ஆக 30 கிரெடிட்டுக்கு 1500. வேலையோடு வாரம் 15 மணித்தியாலம் ஒதுக்கினால் 100 வாரம். விளம்பரத்தில் "ஒரே வருடம்" என்றால் வாரம் 30 மணித்தியாலம் என்று எடுங்கள்.

இரட்டைப் பதிவு:
அந்த 100 வாரமும் வீண் என்பேன். நிறுவனங்கள் சறுக்குவது சம்பளப் பிரிப்பில். களப்பணியாளர் 60 வீதம் போசாக்குத் திட்டத்திலும் 40 வீதம் வீட்டுத் திட்டத்திலும் வேலை செய்வார். 80,000 ரூபா சம்பளம் முழுவதும் போசாக்குத் திட்டத்துக்குக் காசு தரும் நன்கொடையாளரின் தலையில் விழும். டைம்ஷீட்டை மாசக் கடைசியில் குத்துமதிப்பாக நிரப்புவார்கள். கணக்காய்வில் அந்த 40 வீதம், அதாவது மாசம் 32,000, வருடத்துக்கு 3,84,000 ரூபா வெட்டுப்படும். இதைத் திருத்த முதுமாணி எதற்கு? நல்ல கணக்காளர் ஒருவர் போதும்.

கொட்டகலைக் குளிர்:
கணக்காளர் வெட்டுப்பட்ட பிறகுதானே பார்ப்பார்! நிதியைத் திட்டவாரியாகப் பிரிக்கும் விதி ஒப்பந்தம் எழுதும்போதே வேண்டும், அது இந்தப் படிப்பில் வரும் பாடம். சட்டமும் அப்படித்தான். தோட்டத்துக்குள் பிரதேச சபை ரோட்டுப் போடாததற்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு ஒரு காரணம். தோட்டத்துக்கும் சபை சேவை செய்யலாம் என்று 2018ல் திருத்தினார்கள். தெரியாதவர் இன்னும் பழைய கதையையே மனுவில் எழுதுகிறார்.

இரட்டைப் பதிவு:
சட்டம் திருந்தியது சரி. காணி? 1992க்குப் பிறகு தோட்டங்கள் நீண்ட குத்தகையில் கம்பெனிகளிடம். துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதிக் கடிதம் இல்லாமல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் ஒரு மலசலகூடத்துக்கும் அத்திவாரம் வெட்ட முடியாது. காசு ஜனவரியில் வந்து கடிதம் ஆகஸ்டில் வந்தால், டிசம்பரில் மூடும் திட்டத்தில் மழைக்காலமும் சேர்ந்து நாலு மாசம்தான் மிச்சம். எந்த விரிவுரையில் இதைச் சொல்கிறார்கள்?

பதுளை வாசகி:
ரெண்டு பேரும் ஒரே ஆளுக்கா சொல்கிறீர்கள்? வவுச்சர் பார்ப்பவருக்கு இரட்டைப் பதிவு சொல்வது சரி, இயக்குநர் கதிரைக்குப் போகிறவருக்குக் கொட்டகலை. வெளிநாட்டில் படிப்பது என்றால் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் 2 வருடம் இங்கே இருக்க வேண்டும். அனுபவக் கணக்கைக் கடிதங்களோடு இப்போதே சேருங்கள். பழைய மேலதிகாரி மாறிப்போனால் கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும்.

இரட்டைப் பதிவு:
அந்தக் கடிதத்தோடு துரையிடமும் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும், முன்மொழிவு அனுப்புவதற்கு முன்.