தொழிற்பாடத்தையும் கணிதத்தையும் சேர்த்துப் படிக்க முடியுமா?

வணக்கம். என் மகள் அடுத்த கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புக்குப் போகிறாள். மின்பணித் தொழிற்பாடம்தான் வேண்டும் என்கிறாள். கணிதத்தையும் இயற்பியலையும் விடவும் அவளுக்கு மனமில்லை. எனக்கும்தான். நாளை பொறியியல் பக்கம் போக நினைத்தால் பெரும்பாலும் அந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள்.

சிக்கல் கால அட்டவணையில் இருக்கிறது. பட்டறை வகுப்புக்கு இரண்டு, மூன்று பாடவேளைகள் சேர்ந்தாற்போல் தேவை. சரியாக அந்த நேரத்தில்தான் கணித வகுப்பு. பள்ளியில் கேட்டால், "மின்பணிக்கு அவ்வளவு கணிதம் எதற்கு?" என்கிறார்கள். மும்முனை மின்சாரத்தில் ஒவ்வொரு அலையும் 120 பாகை தள்ளி வருவதை முக்கோணவியல் இல்லாமல் எப்படிப் புரிந்துகொள்வதாம்?

இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் சொல்லுங்கள். விடுபட்ட பாடத்தைத் தனித்தேர்வராக எழுத முடிந்ததா? செய்முறைப் பயிற்சி போக மற்றப் பாடங்களுக்கு நேரம் கிடைத்ததா? மேற்படிப்புச் சேர்க்கையில் தொழிற்பாட மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்தார்களா? "பெண் பிள்ளைக்கு மின்பணியா" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். உறவினர்களே தாராளமாகத் தருகிறார்கள். இங்கே ஆசிரியர்கள் இருந்தால், அட்டவணை முடிவாவதற்குள் யாரிடம் பேசினால் பலன் இருக்கும் என்பதையும் தெரிவியுங்கள்.