டபள் கெப்பில் ஓவர்ஹெட் கொன்சோல் பொருத்துவது: மின்சாரத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும்?

கேள்வி – தலவாக்கலை வண்டிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபள் கெப். பகலில் கரட், லீக்ஸ், கோவா மூட்டைகளை நுவரெலியாவுக்கு ஏற்றிச் செல்வதும், இரவில் தோட்டத்து லயங்களில் யாருக்காவது வருத்தம் என்றால் அவர்களை வைத்தியசாலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இந்த வண்டியின் வேலை. முன் ஆசனத்தில் இருப்பவர் மருந்துத் துண்டுச்சீட்டையோ மருந்துப் பையையோ பார்ப்பதற்கு, கூரையின் நடுவில் இருக்கும் ஒற்றை விளக்கு போதவில்லை. அதற்காகக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஓவர்ஹெட் கொன்சோல் (முன் ஆசனங்களுக்கு மேலே கூரையில் பொருத்தும் பெட்டி) ஒன்றை வாங்கினேன். அதில் ஓட்டுநர் பக்கமும் பயணி பக்கமும் தனித்தனி விளக்குகள், கண்ணாடி வைக்கும் சிறு பெட்டி, கடிகாரமும் வெளி வெப்பநிலையும் காட்டும் திரை, தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் இரட்டை யூஎஸ்பி துளை ஆகியவை உள்ளன. கடைத் தராசில் நிறுத்தபோது 800 கிராம் இருந்தது.

ஒரு கராஜில் கொடுத்துப் பொருத்தினேன். அங்கே கூரை விளக்கின் வயரிலிருந்தே எல்லாவற்றுக்கும் மின்சாரம் எடுத்தார்கள். முதல் நாள், கதவைத் திறந்தால் கடிகாரம் ஒளிர்ந்தது, மூடினால் அணைந்தது. திரும்பக் கொண்டுபோனதும் கூரைத் தகட்டில் ஒரு ஸ்க்ரூவை இறுக்கி, அதில் வயரைச் சுற்றித் தந்தார்கள். அதன் பிறகு இரண்டு வாரம் வேலை செய்தது. கடந்த மாதம், நெஞ்சுவலி வந்த ஒரு பெரியவரை இரவு ஒரு மணிக்குக் கொண்டு செல்லும்போது, நானுஓயாவுக்குச் சற்று முன்னால் கல்லும் குழியுமான ஓரிடத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அந்தக் கணத்திலேயே கொன்சோல், கூரை விளக்கு, ரேடியோ எல்லாம் ஒன்றாக அணைந்துவிட்டன. வெளியே மூடுபனி. அவருடைய மகள் தன் தொலைபேசி வெளிச்சத்தில்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியவர் நலமாக இருக்கிறார், ஆனால் அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை. இனி இந்த வேலையை நானே சரியாகக் கற்றுக்கொண்டு செய்ய விரும்புகிறேன்.

வயரை எங்கிருந்து, எப்படிக் கொண்டு வருவது? கூரையில் துளையிடலாமா? இன்னொன்று, வெப்பநிலை காட்டும் திரை எப்போதும் மைனஸ் 40 என்றே காட்டுகிறது. தை மாதத்தில் நுவரெலியாவின் புல்லில் உறைபனி விழுவதை நானே பார்த்திருக்கிறேன், ஆனாலும் இந்த எண் நிச்சயமாகப் பிழை.

பதில் 1 – ஹட்டன் வயரிங் பாஸ்

தம்பி, உங்கள் வண்டியில் நடந்தவை இரண்டு வெவ்வேறு பிழைகள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வேலை எளிதாகும்.

முதலாவது, கதவைத் திறந்தால் மட்டும் கடிகாரம் ஒளிர்ந்தது. இவ்வகை வண்டிகளில் கூரை விளக்குக்குப் பொதுவாக மூன்று வயர்கள் வரும். ஒன்றில் எப்போதும் 12 வோல்ற் இருக்கும், ஒன்று எர்த் (வண்டியின் தகடு வழியாக மின்சாரம் பெட்டரிக்குத் திரும்பும் வழி), மூன்றாவது கதவு சுவிட்சுக்குப் போகும் வயர். அந்தச் சுவிட்ச் மின்சாரத்தைத் தருவதில்லை, கதவு திறந்திருக்கும்போது மட்டும் அந்த வயரை எர்த்துடன் சேர்க்கிறது. உங்கள் கொன்சோலின் எர்த்தை அந்தக் கதவு வயரில் இணைத்திருக்கிறார்கள். விளக்கின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மல்டிமீற்றரின் (வோல்ற் அளக்கும் கருவி) சிவப்பு முனையை எப்போதும் மின்சாரம் இருக்கும் வயரில் வைத்து, கறுப்பு முனையால் மற்ற இரண்டையும் தொட்டுப் பாருங்கள். எப்போதும் 12 வோல்ற் காட்டுவது உண்மையான எர்த், கதவைத் திறந்தால் மட்டும் காட்டுவது கதவு வயர். வயரின் நிறத்தை நம்பி ஒருபோதும் இணைக்காதீர்கள், நம் நாட்டில் கைமாறி வந்த வண்டிகளில் நிறம் எதையும் உறுதிப்படுத்தாது.

இரண்டாவது பிழைதான் ஆபத்தானது. எல்லாம் ஒன்றாக அணைந்தது என்றால் பொதுவான பியூஸ் போய்விட்டது என்று பொருள். கூரை விளக்கின் பியூஸிலேயே கடிகாரம், ரேடியோவின் நினைவு போன்றவையும் பல வண்டிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். கொன்சோலைக் கழற்றி, ஸ்க்ரூக்கள் இறங்கும் இடங்களையும் கூரைக் குறுக்குச் சட்டத்தின் விளிம்பையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் வயரின் உறை வெட்டுப்பட்டுச் செம்பு தெரியும். வண்டி குலுங்கியபோது அது தகட்டைத் தொட்டிருக்கிறது. பியூஸ் போனது நல்லது. பியூஸ் போகிறதென்று பெரிய பியூஸைப் போட்டுவிடும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு, அப்படிப் போட்டிருந்தால் கூரைக்குள் இருக்கும் பஞ்சும் துணியும்தான் முதலில் பற்றியிருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது, கூரை விளக்கின் வயரை முற்றாக விட்டுவிட்டு, ஓட்டுநர் காலடிக்கு மேலிருக்கும் பியூஸ் பெட்டியிலிருந்து தனியாக இரண்டு வயர்களை எடுப்பது. ஒன்று எப்போதும் மின்சாரம் உள்ளது, விளக்குகளுக்கும் கடிகாரத்துக்கும். நோயாளியை இறக்கும்போது சாவியை எடுத்துவிட்டாலும் வெளிச்சம் இருக்க வேண்டும் அல்லவா? மற்றது சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவது, யூஎஸ்பிக்கு. பியூஸ் பெட்டியின் துளையில் பொருந்தும் பியூஸ் டாப் என்ற சிறு துண்டு கடைகளில் கிடைக்கும். அதில் பழைய பியூஸுக்கு ஓர் இடமும் உங்கள் புதிய பியூஸுக்கு ஓர் இடமும் இருக்கும். யூஎஸ்பிக்கு சிகரட் லைட்டரின் பியூஸ் இருக்கும் துளை பொருத்தமானது. ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கணினி ஆகியவற்றின் பியூஸ்களைத் தொடவே வேண்டாம்.

அளவுகளைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். 5 வாற்று பல்ப் இரண்டு எரிந்தால் சுமார் 0.8 அம்பியர் எடுக்கும். யூஎஸ்பி துளை ஒவ்வொன்றும் 5 வோல்ற்றில் 2.1 அம்பியர் கொடுத்தால் இரண்டுக்கும் சேர்த்து 21 வாற்று, உள்ளே வீணாவதையும் சேர்த்தால் பெட்டரியிலிருந்து ஏறத்தாழ 2 அம்பியர். ஆகவே விளக்கு வயருக்கு 3 அம்பியர் பியூஸும் யூஎஸ்பி வயருக்கு 5 அம்பியர் பியூஸும் போதும். வயர் 0.75 சதுர மில்லிமீற்றர் இருந்தால், நான்கு மீற்றர் நீளத்தில் 2 அம்பியர் ஓடும்போது இழப்பு 0.2 வோல்ற்றுக்கும் குறைவு. இரண்டு பல்புகளையும் எல்ஈடியாக மாற்றிவிடுங்கள். மறந்து எரியவிட்டாலும் மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகும்.

கூரைத் தகட்டில் இறுக்கிய அந்த எர்த் ஸ்க்ரூவைக் கட்டாயம் அகற்றுங்கள். வர்ணத்தைத் துளைத்த இடத்தில் நம் மலைநாட்டு ஈரம் ஒரு மாரியிலேயே துருவைக் கொண்டுவந்துவிடும், துருப்பிடித்த எர்த் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். எர்த் வயரையும் கீழே கொண்டுவந்து, காலடிப் பக்கத் தகட்டில் கம்பனி வைத்திருக்கும் எர்த் போல்ட்டில் வளையக் கிளிப் போட்டு இறுக்குவதே நிலையானது. வயர்களை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். குளிரில் டேப்பின் பசை கழன்று, உள்ளே செம்பு பச்சை பூத்துப்போன இணைப்புகளை நான் வாரத்துக்கு இரண்டு மூன்றாவது வெட்டி எறிகிறேன். அழுத்தும் கருவியால் கிரிம்ப் செய்து, மேலே சூடாக்கினால் சுருங்கும் குழாயைப் போடுங்கள்.

பதில் 2 – பண்டாரவளையிலிருந்து

பாஸ் ஐயா மின்சாரத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் கூரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் என் வண்டியில் முதல் தடவை நான் கெடுத்தது அதைத்தான்.

அண்ணா, வேலையைத் தொடங்குமுன் முன் கண்ணாடியின் ஓரத் தூண்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அதில் எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று பொறித்திருந்தால், தூணுக்கு உள்ளேயும் கதவுகளுக்கு மேலேயும் திரை போன்ற ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் பெட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, குறைந்தது 90 விநாடிகள் பொறுத்த பிறகே பிளாஸ்டிக்கில் கை வையுங்கள். மஞ்சள் நிறப் பிளக்குகள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றைக் கழற்றவும் வேண்டாம், மீற்றரால் சோதிக்கவும் வேண்டாம். புதிய வயரை ஏர்பேக்கின் முன்னால் குறுக்கே ஓடவிடாமல், அதற்குப் பின்னால், கம்பனி வயர்க் கட்டு போகும் பாதையிலேயே கொண்டு சென்று அந்தக் கட்டுடன் சேர்த்துக் கட்டுங்கள். ஏர்பேக்கைச் சுற்றிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பட்டி போதும், விபத்தின்போது அது விரிய வேண்டியபடி விரியாமல் போவதற்கு.

உட்கூரை அட்டையை முழுவதும் இறக்கத் தேவையில்லை. இரண்டு சன் வைசர்களையும் முன் கைப்பிடியையும் கூரை விளக்கையும் கழற்றினால், முன் விளிம்பு கை நுழையும் அளவுக்குத் தாழும். அதற்கு மேல் வளைக்காதீர்கள். நான் அவசரப்பட்டு இழுத்ததில் விழுந்த மடிப்பு நான்கு வருடமாகியும் அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு நாளும் அது என் கண்ணில் படுகிறது.

மேல் தகட்டில் எக்காரணம் கொண்டும் துளையிடாதீர்கள். கூரை விளக்கைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒன்று தகட்டுக்குக் கீழே இருக்கிறது, கொன்சோலின் பாரம் அதில்தான் நிற்க வேண்டும். விளக்கைக் கழற்றிய துளை வழியாக விரலை விட்டால் சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். அதைவிடக் குறைவான நீளமுள்ள ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுத்து, துளையிடும் அலகில் அந்த ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் சட்டத்தைத் தொட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். துளையின் விளிம்பில் துரு தடுக்கும் பிரைமரை ஒரு சிறு தூரிகையால் பூசி, காய்ந்த பிறகே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அதற்கு முன் அட்டையில் கொன்சோலின் உருவத்தை வெட்டி, டேப்பால் கூரையில் ஒட்டி, சன் வைசர்கள் இரண்டும் தடையின்றித் திரும்புகின்றனவா, உயரமான ஒருவர் உட்கார்ந்தால் தலை படுகிறதா என்று பாருங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் தலை முன்னால் வரும் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் காலைகளில் கூரைத் தகட்டின் உட்புறத்தில் பனி நீர் கோத்து நிற்பதை, உட்கூரையை இறக்கினால் நீங்களே பார்ப்பீர்கள். எனவே பிளக்குகளை வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள், பிளக்குக்கு முன்னால் வயரைச் சற்றுத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். கொன்சோல் சட்டத்தைத் தொடும் இடமெல்லாம் துணி டேப் ஒட்டினால் தோட்டத்துப் பாதையிலும் கடகடக்காது.

பதில் 1 தொடர்ச்சி – ஹட்டன் வயரிங் பாஸ்

வெப்பநிலையைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். மைனஸ் 40 என்பது வெளி வெப்பநிலையை உணரும் சென்சர் இணைக்கப்படாததன் அடையாளம். குளிரக் குளிர அந்தச் சென்சரின் மின்தடை கூடும், வயரே இல்லாவிட்டால் தடை எல்லையற்றதாகி, திரை தன்னால் காட்டக்கூடிய கடைசிக் குளிரைக் காட்டுகிறது. அதே கொன்சோலுக்குரிய சென்சரைத் தேடி வாங்குங்கள், வேறு வகையைப் போட்டால் எண் பிழைக்கும். அதை முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னே, காற்றுப் படும் இடத்தில் பொருத்த வேண்டும். ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்தால் எஞ்சினின் சூட்டைத்தான் காட்டும். வயரை உள்ளே கொண்டுவரப் புதிய துளை போடாமல், கம்பனி வயர்க் கட்டு நுழையும் ரப்பர் வளையத்தின் ஓரத்தில் நுழைத்துச் சிலிக்கன் பூசுங்கள்.

பதில் 3 – ஹப்புத்தளை

ஒரு சிறு குறிப்பு மட்டும். கொன்சோலில் இடம் இருக்கிறதென்று இருவழி வானொலிக் கருவியைப் பொருத்த நினைப்பவர்கள், அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை முதலில் கவனியுங்கள். அந்தக் கருவிக்கு மேலே சொன்ன வயர்களும் பியூஸ்களும் போதாது, பெட்டரியிலிருந்து தனி வயர் வர வேண்டும்.

தலவாக்கலை வண்டிக்காரன்

பாஸ் ஐயாவுக்கும் பண்டாரவளைத் தம்பிக்கும் மனமார்ந்த நன்றி. போயா விடுமுறையன்று முழு நாளும் இருந்து செய்து முடித்தேன். ஐயா சொன்னது போலவே, குறுக்குச் சட்டத்தின் விளிம்பில் ஒரு வயர் நசுங்கி, விரல் நகத்தின் அளவுக்கு உறை கிழிந்து, செம்பு கருகியிருந்தது. தகட்டில் இறுக்கியிருந்த எர்த் ஸ்க்ரூவைச் சுற்றி இப்போதே மஞ்சள் துரு படிந்திருந்தது. அதைச் சுரண்டிப் பிரைமர் பூசிவிட்டேன்.

என் வண்டியின் தூணில் ஏர்பேக் எழுத்து இல்லை, இருந்தும் பெட்டரியைக் கழற்றிவிட்டே வேலை செய்தேன். மூன்று வயர்களையும் ஒரே துணிக் குழாயில் நுழைத்து, கம்பனி வயர்க் கட்டுடன் சேர்த்து ஏழு இடங்களில் கட்டினேன். சென்சர் இன்னும் கிடைக்கவில்லை.

கடைசியாக, நிறுத்தி வைத்த வண்டியில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அறிய, பெட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதன் வயருக்கும் இடையில் மீற்றரை 10 அம்பியர் துளையில் போட்டு, கதவுகளை மூடி, அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். கொன்சோல் இல்லாமல் 31 மில்லி அம்பியர், கொன்சோலுடன் 36. கடிகாரத்துக்கு 5 மில்லி அம்பியர்தான் போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அன்றிரவே தோட்டத்துப் பாதையில் மேலும் கீழுமாக நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன், இரண்டு விளக்குகளும் ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை.