உண்ணி கடித்தபின் கால் தளர்ச்சி: லைம் டெஸ்ட் மட்டும் போதுமா?

பனசங்கரி_வாசி:
சிவமொக்கா காட்டுப் பக்கம் போய் பெங்களூரு திரும்பியவருக்கு, உண்ணி கடித்த இரண்டு வாரத்தில் இரண்டு காலும் தளர்ந்தால் எதை முதலில் சந்தேகிக்கவேண்டும்? லைம் (உண்ணி பரப்பும் ஒரு பாக்டீரியா நோய்) டெஸ்ட் மட்டும் எடுத்தால் போதுமா? அந்தக் காடுகளில் உண்ணி பரப்பும் குரங்குக் காய்ச்சலாக (கேஎஃப்டி வைரஸ்) இருக்குமா?

நரம்பு_வார்டு:
போதாது. இரண்டு காலும் ஒரே மாதிரி தளர்ந்து, முழங்கால் ரிஃப்ளெக்ஸும் போயிருந்தால் முதல் சந்தேகம் ஜிபிஎஸ் (கியான்-பாரே சிண்ட்ரோம்: உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்). உண்ணிக்கடி கண்ணில் பட்டதும் எல்லாரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். கடந்த ஆறு வாரத்தில் வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேளுங்கள். கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற குடல் கிருமியின் மேலுறைச் சர்க்கரை, நம் நரம்பிலுள்ள ஜிஎம்1 கேங்லியோசைடு என்ற கொழுப்புப் பொருளை ஒத்திருக்கும். கிருமியை அழிக்க உண்டான ஆன்டிபாடி நரம்பையும் தாக்கும். 2025 ஜனவரியில் புணேயில் ஜிபிஎஸ் பரவியபோது நோயாளிகளின் மலத்தில் கிடைத்ததும் இதே கிருமி.

முதுகுத்தண்டு நீரில் புரதம் ஏறி, செல் (வெள்ளை அணு) ஏறாமல் இருந்தால் ஜிபிஎஸ் பக்கம் சாயலாம். செல் மைக்ரோலிட்டருக்கு 50-ஐத் தாண்டினால் லைம், எச்ஐவி எல்லாம் தேடவேண்டும். முதல் வாரத்தில் புரதமும் நார்மலாக இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

குரங்குக் காய்ச்சலில் சிலருக்கு இரண்டாம் சுற்றில் தலைவலி, நடுக்கம், குழப்பம் வரும். அது மூளையின் பாதிப்பு. கால் துவளுவது அதன் வழக்கமான அடையாளம் அல்ல.

ஐசியூ_இரவு:
காரணம் தேடுவதற்கு முன் மூச்சைப் பாருங்கள். ஆழமாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 20-ஐ எட்டமுடியாவிட்டால் ஐசியூ உள்ள மருத்துவமனைக்கு உடனே போகவேண்டும். ஆக்ஸிமீட்டரில் 98 இருக்கிறதே என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து; மூச்சுத்தசை களைத்துப்போன பிறகுதான் அந்த எண் இறங்கும். வைட்டல் கெப்பாசிட்டி (முழுதாக இழுத்த மூச்சில் வெளியே விடமுடியும் காற்றின் அளவு) உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே போனால் வென்டிலேட்டர் தயாராக இருக்கவேண்டும்.

ஜிபிஎஸ்ஸுக்கு ஐவிஐஜி (நரம்பு வழியே ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) தினம் கிலோவுக்கு 0.4 கிராம், 5 நாள். 60 கிலோ ஆளுக்குத் தினம் 24, மொத்தம் 120 கிராம். தளர்ச்சி தொடங்கி இரண்டு வாரத்துக்குள் கொடுக்கவேண்டும். பிளாஸ்மா மாற்றமும் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்று ஏற்றுவது) அதே பலன் தரும். ஆனால் ஐவிஐஜி முடித்த கையோடு அதைச் செய்தால் ஏற்றிய மருந்தும் வெளியே போய்விடும். ஸ்டீராய்டு ஜிபிஎஸ்ஸுக்கு உதவாது.

பனசங்கரி_வாசி:
'உண்ணிக் காய்ச்சல்' என்று ஊரில் சொல்கிறார்களே, அதுவும் இதில் சேருமா?

நரம்பு_வார்டு:
அது ஸ்க்ரப் டைஃபஸ். பேரில்தான் உண்ணி, பரப்புவது கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கருகிய புண் இருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகும் ஜிபிஎஸ் வந்ததுண்டு; ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. தினம் இரண்டு வேளை தாமதிக்காமல் தொடங்குவார்கள்.

இன்னொன்று: தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் தேடுங்கள். உண்ணி இன்னும் ஒட்டியிருந்தால் அதன் நஞ்சாலும் கால் தளரலாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்பு இரண்டும் வேண்டாம்.